அரை கிரவுண்டில் ஒரு வீடு: வெயில், மின்செலவு, சுற்றுச்சூழல்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தாம்பரத்தை அடுத்த புறநகரில் மேற்குப் பார்த்த மனை. முப்பதுக்கு நாற்பது, அதாவது அரை கிரவுண்டு. தரைத்தளமும் முதல் தளமுமாகச் சுமார் 1,500 சதுர அடி கட்ட எண்ணுகிறீர்கள். மின்செலவு குறைய வேண்டும், கட்டுவதால் சுற்றுச்சூழலுக்கு விளையும் கேடும் குறைய வேண்டும், அதே சமயம் வயதான பெற்றோர் மே மாதத்திலும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். பொறியாளர் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலேசான சிமெண்டுக் கல்) என்கிறார், மைத்துனர் மண் வீடு என்கிறார், கடைக்காரர் ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு போதும் என்கிறார். இவற்றை எப்படிச் சமன் செய்வது என்பது கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிழல், கூரை, காற்றோட்டம் ஆகிய மூன்றும் சரியாக அமையும் வரை, சிக்கனமும் சூழல் நலனும் உடல் சுகமும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை. ஒன்றுக்குச் செய்வது மற்ற இரண்டுக்கும் உதவுகிறது. மோதல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் ஊரில் பெரும்பாலானோர் அந்த முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து, எந்தக் கல்லில் கட்டுவது, எத்தனை டன் ஏ.சி. வாங்குவது என்னும் இடத்தில் விவாதத்தைத் தொடங்குவதால்தான், சமன் செய்யவே முடியாத சிக்கல் போல இது தோன்றுகிறது. எந்த அறையில் எந்த நேரத்தில் ஆட்கள் இருப்பார்கள், அந்த நேரத்தில் வெப்பம் அங்கே எந்த வழியாக வந்து சேரும் என்று கேட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

உடல் சுகம் என்றதும் நாம் அறையின் காற்று வெப்பநிலையை மட்டுமே நினைக்கிறோம். உடலோ காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர்களும் தளமும் வீசும் வெப்பக் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றின் வேகம், உடுத்திய உடை, செய்யும் வேலை ஆகிய ஆறையும் சேர்த்தே வெக்கையை உணர்கிறது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் இரவு பத்து மணிக்குப் புழுங்குவதற்குக் காரணம், பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் தளம் அப்போதுதான் தன் வெப்பத்தைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டிருப்பது. அங்கே ஏ.சி. போட்டாலும் காற்று குளிருமே தவிர, தலைக்கு மேலிருக்கும் அடுப்பு அணைவதில்லை. அதனால்தான் சிலர் 20 டிகிரியில் வைத்தும் திருப்தி இல்லாமல் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எல்லாக் காலத்திற்கும் எல்லா மனிதருக்கும் 24 டிகிரிதான் சுகம் என்பது உண்மையல்ல. அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகம் இந்திய அலுவலகக் கட்டடங்களில் ஆய்வு செய்து வகுத்த முறையைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில், வெளியே கடந்த முப்பது நாள்களின் சராசரி வெப்பநிலையை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால் வருவதே மக்களுக்கு இசைவான வெப்பநிலை என்கிறது அந்த முறை. வெளிச்சராசரி 32 டிகிரி என்றால் விடை ஏறத்தாழ 30. காற்றின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருந்தால் உடல் இரண்டு மூன்று டிகிரி குறைவாக உணரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியை நிழலும் ஃபேனும் கொண்டே கழித்துவிடலாம் என்று தெரிகிறது. கழிக்க முடியாத இரவுகளும் உண்டு. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் கூரை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே வீட்டின் எந்தச் சுவரையும் விட மொட்டை மாடியே அதிக வெயிலை வாங்குகிறது. கோடையில் நண்பகல் தாண்டியதும் கறுத்த தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும். பூச்சு மட்டும் உள்ள ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் யு மதிப்பு மூன்றுக்கு மேல். அதாவது மேலும் கீழும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக மூன்று வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கும். குடியிருப்புகளுக்கென எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு இதை 1.2-க்குள் வைக்கச் சொல்கிறது. நம் ஊர் வழக்கப்படி சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டுத் தட்டோடு பதிப்பது நல்ல முறைதான், நீர்க்கசிவுக்கும் காப்பு. ஆனால் அது மட்டும் அந்த அளவை எட்டாது.

எட்டுவதற்கு வழி எளிது. தளத்தின் மேலே, நீர்த்தடுப்புப் பூச்சுக்குப் பின், 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகையோ அதற்கு இணையான பியூஎஃப் பலகையோ (இரண்டும் வெப்பம் தடுக்கும் நுரைப் பலகைகள்) பரப்பி, அதன் மேல் சாய்வு கான்கிரீட்டும் வெள்ளை ஓடும் போட்டால் மதிப்பு ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். காப்புப் பலகை தளத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். கீழே ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்தால் கான்கிரீட் தினமும் காய்ந்து விரிந்து, இரவில் சுருங்கி, சில ஆண்டுகளில் விரிசலும் ஒழுக்கும் தரும். ஃபேனும் தலைக்கு நெருக்கமாக இறங்கிவிடும். வெள்ளை நிறம் மட்டுமே தனியாகப் பெரும் பயன் தருவது. புதிய வெண்பூச்சு வெயிலில் 70 முதல் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. தெலங்கானா அரசு 2023-இல் இதற்கெனவே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தது. தூசியும் பாசியும் படிந்தால் பாதிப் பயன் போய்விடும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் மாடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போடும் பணத்தில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

அடுத்து, மேற்கு. உங்கள் மனையின் அமைப்பைப் பார்த்தால் முப்பது அடி தெருவை ஒட்டியும் நாற்பது அடி உள்நோக்கியும் இருக்கிறது. எனவே நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன, குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கின்றன. வெயிலைப் பொறுத்தவரை இது நல்ல அமைப்பு; மேற்குப் பார்த்த மனை என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. தெற்கு ஜன்னலுக்கு நிழல் தருவது மிக எளிது: நான்கு அடி உயர ஜன்னலின் தலைமட்டத்தில் இரண்டு அடி சன்ஷேட் நீட்டினால், பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை நண்பகல் வெயில் கண்ணாடியைத் தொடாது. போதாததற்கு, பக்கத்து மனைகளில் வீடு எழும்பியதும் அந்தச் சுவர்கள் பெரும்பாலும் நிழலிலேயே இருக்கும். மேற்கில் கணக்கு வேறு. மே மாதத்தில் மாலை நான்கரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே ஜன்னலுக்கு நிழல் தர எட்டு அடிக்கு மேல் சன்ஷேட் நீட்ட வேண்டும். ஆகவே மேற்கில் சன்ஷேட் வெறும் மழைத்தடுப்புதான். அங்கே நிழல் தருவது போர்ட்டிகோ, ஆழமான பால்கனி, துளைச்சுவர், வெளிப்புறம் தொங்கும் மூங்கில் தட்டி, தெருவோரத்தில் ஒரு புங்கை மரம் ஆகியவை. உள்ளே திரை போடுவது கண் கூச்சத்தைக் குறைக்கும், வெப்பத்தைப் பெரிதாகக் குறைக்காது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில்தான். முகப்பு முழுதும் கண்ணாடி வைத்த வடிவமைப்பை உங்களுக்கு யாரேனும் காட்டியிருந்தால், மேற்குப் பார்த்த மனையில் அதைக் கட்ட வேண்டாம். தெளிவான ஒற்றைக் கண்ணாடி தன் மீது விழும் சூரிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளிவெப்பத்தை உள்ளே கடத்த ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மாலை நான்கு மணி வெயில் உள்பக்கம் வந்து சேர்வது இரவு பத்து மணிக்கு மேல், நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில். இந்த ஒரு காரணத்துக்காகவே படுக்கையறைகளைக் கிழக்கில் வைக்க வேண்டும் என்பேன். கிழக்குச் சுவரில் காலையில் ஏறும் வெப்பம் பிற்பகலில் இறங்கி முடிந்துவிடும், அப்போது அந்த அறையில் யாரும் இருப்பதில்லை. மேற்கில் மாடிப்படி, கழிப்பறை, பூசை அறை, துணி அலமாரி போன்றவற்றை வைத்தால் அவை வெயிலுக்கும் வசிக்கும் இடத்துக்கும் நடுவே அரணாக நிற்கும். இங்கே வாஸ்து குறுக்கிடும் என்பது தெரியும். கன்னிமூலையில்தான், அதாவது தென்மேற்கில்தான், குடும்பத்தலைவர் படுக்கையறை என்று வீட்டார் உறுதியாக இருந்தால் சண்டையிடாதீர்கள். அந்த அறையின் மேற்குச் சுவர் முழுதும் உள்ளே அலமாரியும் வெளியே பால்கனி நிழலும் வைத்து, தலைமாட்டை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள். அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது.

காற்றோட்டத்துக்கு வருவோம். உங்கள் பகுதிக்குக் கோடையில் பெரும்பாலான நாள்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வருகிறது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து பருவக்காற்று வீசுகிறது. இரண்டுமே உங்கள் மனையின் நீளவாட்டில் ஓடும் காற்றுகள். ஆனால் வழக்கமான வரைபடத்தில் வீட்டின் பின்பக்கம், அதாவது உங்களுக்குக் கிழக்கு, துணி துவைக்கும் இடம், குளியலறை, தொட்டி என்று அடைபட்டுப் போகிறது; கடற்காற்று வந்து மோதும் பக்கம் ஒன்றரை அடி வென்டிலேட்டரோடு நிற்கிறது. கிழக்குச் சுவரைத் திறந்துவையுங்கள். உள்சுவர்களில் கதவுக்கு மேலே பழைய வீடுகளில் இருந்ததைப் போலத் திறக்கக்கூடிய வென்டிலேட்டர் வையுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்போதும் காற்று கடந்து போக அதுவே வழி.

ஜன்னலின் அளவைவிட அது எவ்வளவு திறக்கிறது என்பதே முக்கியம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் பரப்பு வேண்டும் என்பது முன்னே சொன்ன ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் கணக்கு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஐந்துக்கு நான்கு அளவில் யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று வைத்துவிட்டு அளவு சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஸ்லைடிங்கில் ஒரு பாதி மறுபாதியின் மேல் ஏறி நிற்கும், திறப்பது பத்துச் சதுர அடிதான். கீல் வைத்த கதவு ஜன்னல் ஏறக்குறைய முழுதும் திறக்கும். கொசுவலையும் காற்றைக் கணிசமாகத் தடுக்கும் என்பதால் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கொசு, திருட்டு பயம், தூசி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஆகியவற்றைக் கணக்கில் எடுக்காமல் இயற்கைக் காற்றோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மக்கள் ஏன் ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்பதை அறியாதவர்கள். வலையும் கிரில்லும் பொருத்திய, மழையிலும் இரவிலும் திறந்தே வைக்கக்கூடிய லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட திறப்பு) ஒன்று ஒவ்வோர் அறையிலும் இருந்தால் அதுவே நான்கு பெரிய ஜன்னல்களைவிட அதிகம் பயன்படும்.

செட்டிநாட்டு வீடுகளைப் போல நடுவே முற்றம் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அரை கிரவுண்டில் முற்றம் வைத்தால் அது நான்கடிச் சதுரத் துளையாகத்தான் வரும். வெளிச்சம் தரும், குளிர்ச்சி பெரிதாகத் தராது. மாடிப்படி அறையையே மேலே நான்கு பக்கமும் லூவர் வைத்து உயர்த்திக் கட்டினால், எப்படியும் செலவாகப் போகும் இடமே காற்றுப்போக்கியாகிவிடும்.

ஏ.சி. இல்லாமலே சுகமாக இருக்க முடியும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார். 1930-களின் பிற்பகுதியில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்பு முழுதும் கண்ணாடிக்குப் பதிலாகத் திறந்து மூடும் கான்கிரீட் பட்டைகள். அறைக்கும் நடைவழிக்கும் இடையே காற்று போக இடைவெளி விட்ட தேக்குக் கதவுகள். கூரைக்கு மேல் காற்று இடைவெளி விட்டு வளைவான கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இந்தியாவில் நவீனக் கான்கிரீட் கட்டடக்கலையின் தொடக்ககாலச் சான்றாக இன்றும் மாணவர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். ஆனால் அந்தக் கட்டடம் தோட்டத்தின் நடுவே, கடலுக்கு அருகே, ஓர் அறை அகலத்தில் நிற்கிறது. அதன் வாசிகள் அமைதியைக் கட்டுப்பாடாக ஏற்றுக்கொண்டவர்கள். மூன்றடி இடைவெளியில் அண்டை வீடு நிற்கும் மனையில் அப்படியே நகலெடுக்க முடியாது. நிழலை வெளியே வை, கூரையை இரட்டிப்பாக்கு என்னும் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

இனி உண்மையான மோதல்கள். முதலாவது, கனமான சுவரா, காப்புள்ள சுவரா என்பது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு ஏறத்தாழ 2. எட்டு அங்குல ஏஏசி சுவருக்கு 0.8-க்குள். எண்களைப் பார்த்தால் ஏஏசி வென்றது போலத் தெரியும். ஆனால் ஜன்னல்களைத் திறந்துவைத்து வாழும் வீட்டில் வெளிக்காற்றே உள்ளே வந்து போகிறது. நிழலில் நிற்கும் சுவருக்குக் காப்பு எவ்வளவு இருந்தும் பெரிய வேறுபாடு இல்லை. மாறாக, பகலில் பூட்டி இரவில் திறக்கும் அறையில் கனமான சுவர் பகல் வெப்பத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது நன்மை. ஏ.சி. ஓடும் அறையில் நிலைமை தலைகீழ்: இரவு ஒன்பது மணிக்கு இயந்திரத்தைப் போடும்போது அது முதலில் காற்றை அல்ல, செங்கலில் தேங்கிய வெப்பத்தை இறைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை, தரைத்தளத்தைச் செங்கல்லிலோ அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லிலோ கனமாகக் கட்டுங்கள், முதல் தளத்தை ஏஏசியில் கட்டுங்கள். தரைத்தளம் பகல் வாழ்க்கைக்கு உரியது; மேலே ஒரு தளம் நிழலாக நிற்பதால் அது பிற்பகலிலும் தண்மையாக இருக்கும். உங்கள் பெற்றோருக்குக் கீழே கிழக்கில் அறை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் தளம் இரவு வாழ்க்கைக்கு உரியது. இலேசான, காப்புள்ள சுவர் சூரியன் மறைந்ததும் வேகமாக ஆறும், ஏ.சி. போட்டாலும் விரைவில் குளிரும். ஏஏசியின் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால் மேல்தளத்தில் அதை வைப்பது தூண், அஸ்திவாரக் கம்பிக் கணக்குக்கும் நல்லது. ஏஏசியில் விரிசல் வருகிறது என்ற புகார் உண்மைதான். கல்லை நனையவிட்டுக் கட்டுவது, சாதாரணச் சாந்தை ஓர் அங்குலத் தடிமனில் வைப்பது, தூணும் கல்லும் சேருமிடத்தில் வலை கட்டாமல் பூசுவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். மேஸ்திரி முன்பு ஏஏசியில் கட்டிய வீடு ஒன்றை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது மோதல், வீடு ஓடும்போது ஆகும் கேட்டுக்கும் கட்டும்போதே ஆகிவிடும் கேட்டுக்கும் இடையில். இதைப் பலரும் கணக்குப் பார்ப்பதில்லை. கட்டுமானத்தில் வழங்கும் தோராய விதிப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் 4 கிலோ கம்பியும் என்று வைத்தால், 1,500 சதுர அடிக்கு 600 மூட்டை, அதாவது 30 டன் சிமெண்டும், 6 டன் கம்பியும் ஆகும். சாதாரணச் சிமெண்டு ஒரு டன்னுக்கு 0.8 முதல் 0.9 டன் வரை கரியமில வாயு வெளியாகிறது, கம்பிக்கு இரண்டு டன்னுக்கு மேல். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 38 டன். உங்கள் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கிறது என்று கொண்டால், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற இந்திய மின்தொகுப்பின் அளவில், ஆண்டுக்கு 1.7 டன்தான். அதாவது புதுமனை புகுவிழா அன்று, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தின் கரியமில வாயுவை நீங்கள் வெளியிட்டு முடித்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. சாதாரணச் சிமெண்டுக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த பிபிசியையோ கசடு கலந்த பிஎஸ்சியையோ கேட்டு வாங்குங்கள். பிபிசியில் 35 விழுக்காடு வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம், விலையும் கூடுதல் இல்லை. மெதுவாக இறுகும் என்பதால் சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படாமல், தண்ணீர் விடுவதைச் சில நாள் நீட்டிக்க வேண்டும். நம் கடலோர உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதையும் அது தாமதப்படுத்தும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, சூளையில் சுட்டெடுக்கும் சிமெண்டு மூலப்பொருளான கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் புதிய வகைச் சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தரவரையறை வந்திருக்கிறது. சென்னை ஐஐடியும் அந்த ஆய்வில் பங்கெடுத்தது. இரண்டாவது முடிவு கசப்பானது: 1,500-ஐ 1,300 ஆக்குங்கள். அந்த 200 சதுர அடியைக் கட்டாமல் விடுவதால் மிச்சமாகும் கரியமில வாயு சுமார் ஐந்து டன். ஏறக்குறைய மூன்று ஆண்டு மின்சாரத்துக்குச் சமம். ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினருக்காக ஓர் அறையைக் கட்டிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருப்பதைவிட, அந்தப் பணத்தைக் கூரைக் காப்புக்கும் நல்ல ஜன்னலுக்கும் கொடுப்பது மேல். எந்தப் பசுமைச் சான்றிதழும் இதற்குத் தகுந்த மதிப்பெண் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. தரைக்கு, 1,200 டிகிரி அளவில் சுடப்படும் விட்ரிஃபைடு டைல்ஸுக்குப் பதில், சூளையே காணாத ஆத்தங்குடிக் கல்லை ஒரு தளத்திலாவது எண்ணிப் பாருங்கள்.

மைத்துனர் சொன்ன மண் வீட்டைப் பற்றி. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989-இலிருந்து வளர்த்தெடுத்த அழுத்திய மண் கல்லில் சுமார் ஐந்து விழுக்காடு சிமெண்டு மட்டுமே, சுடுவதில்லை, இரண்டு மூன்று தளங்களைத் தாங்கும். நான் மதிக்கும் முறை அது. ஆனால் அதன் பயன் மண் அங்கேயே கிடைப்பதிலும், பழகிய குழு கட்டுவதிலும் இருக்கிறது. அரை கிரவுண்டில் தோண்ட மண்ணும் இல்லை, கல்லை அடுக்கி உலர்த்த இடமும் இல்லை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லாரியில் கல்லை ஏற்றிவந்து, பழக்கமில்லாத கொத்தனாரை வைத்துக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது மோதல், திறந்த வீடா, மூடிய அறையா என்பது. மே மாத இரவில் சென்னையில் வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் உண்டு. ஈரப்பதமும் சேரும்போது வியர்வை ஆவியாவதில்லை. அந்த நிலையில் முதியவர்களை ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்து அதைச் சூழல் அக்கறை என்று சொல்லக் கூடாது. ஏ.சி. வையுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் வீடு முழுதும் அல்லாமல் இரண்டு அறைகளை மட்டும் அதற்கென்றே இறுக்கமாக மூடும்படி கட்டுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை, ஜன்னலில் நல்ல அடைப்பு, கூரையில் காப்பு ஆகியவை இருந்தால் 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் இயந்திரமே தாராளம். பெரிய இயந்திரம் அறையை விரைவில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுவதால் ஈரத்தை முழுதாக எடுக்காமல் சில்லென்ற பிசுபிசுப்பைத் தரும். ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.யை 26 அல்லது 27 டிகிரியில் வைத்து, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டால் இரவு எட்டு மணி நேரத்துக்கு மூன்று யூனிட் அளவில் முடியும். ஒவ்வொரு டிகிரி உயர்த்தினாலும் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம்.

இரண்டு விஷயங்களைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, இருவர் தூங்கும் இறுக்கமான அறையில் விடியும் முன் கரியமில வாயு 2,000 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்துக்கு 2,000 பங்கு) தாண்டிவிடும், காலையில் தலை கனக்கும். சுவரில் மூன்று அங்குலக் குழாய் ஒன்றை வலையும் மூடியும் வைத்துப் பதித்து, குளியலறை எக்ஸாஸ்டை மெல்ல ஓடவிட்டால் போதும். மற்றொன்று வாயுக் கசிவு. ஏ.சி.க்குள் ஓடும் குளிர்விக்கும் வாயுவான ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அது ஏறக்குறைய 960 யூனிட் மின்சாரத்தின் அளவு. ஆண்டுதோறும் வாயு நிரப்ப வேண்டியிருந்தால் இயந்திரத்தின் நட்சத்திரக் கணக்கெல்லாம் வீண். குழாய் இணைப்பை நைட்ரஜன் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். வெளி யூனிட்டை மேற்கு வெயிலிலோ இரு வீடுகளுக்கு நடுவிலுள்ள சந்திலோ மாட்ட வேண்டாம்.

சூரிய மின்தகட்டைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும், நூறு சதுர அடி இடம் கேட்கும். மூன்று கிலோவாட்டுக்குப் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும் என்பதால், 400 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அந்த மேல்படிகளைத் தவிர்ப்பதில்தான் இலாபம். தகட்டை ஏழடி உயரத்தில் ஏற்றி அமைத்தால் கீழே துணி காயப்போட இடம் கிடைக்கும், தளத்துக்கும் நிழல் கிடைக்கும். ஆனால் தகடு பகலில் தருகிறது, உங்கள் ஏ.சி. இரவில் ஓடுகிறது, கணக்கில் இரண்டும் கழிந்துபோனாலும் இரவில் வரும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதே. தகடு வைத்துவிட்டோம் என்று கூரைக் காப்பை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பணம் இப்போது போதாதென்றால், பின்னர் செய்ய முடியாதவற்றை மட்டும் இப்போது செய்யுங்கள்: அறைகளின் திசை, ஜன்னலின் இடமும் வகையும், மேற்குப் பால்கனியின் ஆழம், சுவர்ப்பொருள், கூரைக் காப்பு. ஏ.சி.யும் தகடும் பிறகு வாங்கலாம்; அவற்றுக்கான குழாய்களை மட்டும் தளம் போடும் முன்பே மின்பணியாளரிடம் சொல்லி மாடிவரை பதித்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரின் உட்புறம் காப்புப் பலகையும் ஓடும் ஏறும் உயரத்தைக் கணக்கிட்டு, மாடிக் கதவின் வாசற்படியை வழக்கத்தைவிட நான்கு அங்குலம் உயர்த்திவைக்கச் சொல்லுங்கள். இதை மறந்தால் முதல் மழையில் தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கும்.